உடைமுள்ளில் பாடிய தட்டு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பழைய இசைத்தட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பது பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பத்து நிமிடம் என்றால் என் கணக்கில் மூன்று பாட்டு. பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் பாடும். பாட்டு நீளமாக இருந்தால் முதல் பாகம் இந்தப் பக்கம், இரண்டாம் பாகம் அந்தப் பக்கம். நடுவில் ஒருவர் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும்.

எங்கள் வீட்டில் அப்படித் திருப்பிப் போட்டவர் பெரியப்பா. தேவிபட்டினத்தில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கந்தூரி, முளைப்பாரி, எதுவானாலும் மரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிவிட்டு, கீழே ஒரு பெஞ்சில் தட்டுச் சுற்றும் பெட்டியோடு உட்கார்ந்துவிடுவார். அவர் காலத்துக்குப் பிறகு வீட்டை மராமத்துப் பார்த்தபோது பரண் மேலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. உள்ளே நாற்பது தட்டுக்கு மேல். பழைய சாமான் எடுக்கிறவர் வாசலில் தராசோடு நிற்கிறார். ஒரு தட்டை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "அண்ணே, இது பிளாஸ்டிக்கும் இல்ல, இரும்பும் இல்ல. இதை எந்தக் கணக்குல சேர்க்கிறது?" என்றார். அந்தக் கேள்வியால்தான் பெட்டி பிழைத்தது.

அவர் கேட்டது சரிதான். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய தட்டு அரக்கால் ஆனது. அரக்கோடு கல்மாவும் கரியும் சேர்த்து அச்சில் அழுத்துவார்கள். கல்கத்தாவில் 1908இலேயே இதற்கு ஆலை வந்துவிட்டது. கீழே விழுந்தால் மண்சட்டி மாதிரி உடையும். வளைந்து கொடுக்கிற வினைல் தட்டு பிறகு வந்தது. லாங் பிளே என்கிற 33 சுற்று எல்.பி. 1948இல், நடுவில் பெரிய ஓட்டையோடு 45 சுற்றுச் சின்னத் தட்டு 1949இல். பெரியப்பா பெட்டியில் எல்.பி. ஐந்தாறுதான். மற்றதெல்லாம் அரக்கு.

இது தெரியாமல் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். தட்டெல்லாம் பூசணம் பூத்திருந்தது. நம் கடற்காற்றுக்குக் கேட்க வேண்டுமா? ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒரு துடை துடைத்தேன். பஞ்சு கறுப்பானது. அழுக்கு போகிறது என்று சந்தோஷமாக இன்னொரு துடை. பஞ்சில் வந்தது அழுக்கு இல்லை, பாட்டு. ஆசாரிமார் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே கதவுக்குப் பாலிஷ் போடுகிறார்கள்! அந்தத் தட்டு இன்றைக்கும் என் மேசையில் இருக்கிறது, பளபளவென்று, ஊமையாக.

தண்ணீரில் கழுவலாம். ஆனால் எந்தத் தண்ணீரில்? நம் ஊர்க் குழாய்த் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் பூக்கும். சோறு வடிக்கிற பானையில் படிகிற அதே உப்பு, தட்டில் ஊசி ஓடுகிற பள்ளத்துக்குள்ளும் படியும். நான் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்கிறேன். அதில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டே சொட்டு. நடுவில் இருக்கும் காகித லேபிள் நனையாமல் ஒரு சம்பட மூடியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் பள்ளம் ஓடுகிற திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்க்கக் கூடாது. பிறகு நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் அப்பளம்தான்.

அடுத்தது ஊசி. அரக்குத் தட்டின் பள்ளம் எல்.பி. பள்ளத்தைப் போல மூன்று மடங்கு அகலம். எல்.பி. ஊசியின் முனை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இதற்கு மூன்று பங்கு. சின்ன ஊசியை வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கிற தூசியை உழுதுகொண்டு போகும். கரகரவென்று கேட்டுவிட்டுத் தட்டு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர். தட்டு கெடவில்லை ஐயா, ஊசி தப்பு.

ஊசி என்றதும் பெரியப்பாவின் தங்கச்சிமடம் கதையைச் சொல்லாமல் நகர முடியவில்லை. எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது. 1950களின் கடைசி. சம்மாட்டி வீட்டுக் கல்யாணம், அதாவது படகு முதலாளி வீட்டில். அப்போது பாம்பனில் சாலைப் பாலம் கிடையாது, அது 1988இல் வந்தது. சாவி கொடுக்கிற பெட்டி, லாரி பேட்டரி, ஆம்ப்ளிஃபையர், குழாய் எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றித்தான் ராமேஸ்வரம் தீவுக்குக் கொண்டுபோக வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு, உதவிக்கு வந்த பையன் ஊசி டப்பாவைக் கடற்கரை மணலில் கொட்டிவிட்டான். எஃகு ஊசி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், மணல். இரண்டு ஊசிதான் கிடைத்தது. அந்த ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மழுங்கித் தட்டைச் செதுக்கிவிடும். கடை ராமநாதபுரத்தில். விடியும் மட்டும் ரயில் இல்லை.

"காந்தத்தை வைத்துப் பொறுக்கியிருக்கலாமே பெரியப்பா" என்று ஒரு தரம் கேட்டேன். "காந்தம் குழாய்க்குள்ள இருக்கு. அதைக் கழட்டிட்டு பாட்டை உங்கப்பனா பாடுவான்?" என்றார்.

பாட்டு நின்றதும் சம்மாட்டி எழுந்து வந்துவிட்டார். "என்னப்பா, கல்யாண வீடு மாதிரியா இருக்கு?" பெரியப்பா பதில் சொல்லாமல் வேலியோரம் போனார். நம் கரையில்தான் உடைமரத்துக்குப் பஞ்சமில்லையே. வெள்ளை வெளேரென்று நீளநீளமான முள். காய்ந்த முள்ளாகப் பார்த்துப் பத்துப் பதினைந்து ஒடித்து, பிளேடால் அளவுக்கு நறுக்கி, ஊசி செருகுகிற துவாரத்தில் வைத்துத் திருகாணியை இறுக்கினார். தட்டில் வைத்தால், பாடுகிறது! சத்தம் கம்மி, ஆனால் இழைந்து வருகிறது. கடைசிச் சரணம் வரும்போது முனை தேய்ந்து கொஞ்சம் இரையும். எடுத்துச் சீவி மறுபடி வைப்பார். விடிய விடிய முள்ளில் ஓடியது கல்யாணம். மூங்கில் ஊசியும் முள் ஊசியும் சீமையில் கடையிலேயே விற்றார்கள் என்று நான் பின்னால் படித்தேன். பெரியப்பா படித்ததில்லை.

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று விரலைக் காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

தட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது முதல் பிரதியில் கையை வைக்காதீர்கள். கீறல் சத்தம், பொரிகிற சத்தம், எல்லாமே அதில் இருக்கட்டும். ஆடாசிட்டி என்று இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் இரைச்சலை வழித்தெடுக்கலாம். அளவு மீறினால் பாடகர் குடத்துக்குள்ளிருந்து பாடுவது போல ஆகிவிடும். என் தட்டு ஒன்றின் லேபிளில் பெரியப்பா வெள்ளைப் பெயின்ட்டால் "2ஆம் சரணம் தள்ளு" என்று எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் ஊசி சிக்கிக்கொண்டு ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லும், விரலால் லேசாகத் தள்ளிவிட வேண்டும். அந்தச் சிக்கலையும் சேர்த்துத்தான் முதல் பிரதியில் வைத்திருக்கிறேன். சுத்தம் செய்வதை இரண்டாவது பிரதியில் செய்யுங்கள். திரும்பவும் சொல்கிறேன், முதல் பிரதியில் கை வைக்க வேண்டாம். லேபிளையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அதோடு வையுங்கள்.

முதல் பிரதி எம்.பி.3 வேண்டாம், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக இருக்கட்டும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் எடுத்தால் ஒரு பக்கம் சுமார் 100 எம்.பி. வரும், இன்றைக்கு அது ஒரு இடமே இல்லை. ஒரே தடமுள்ள மோனோத் தட்டானாலும், இரண்டு தடமுள்ள ஸ்டீரியோவிலேயே எடுங்கள். பள்ளத்தின் ஒரு சுவர் தேய்ந்திருக்கும், மறுசுவர் நன்றாக இருக்கும், பிறகு நல்லதைப் பொறுக்கிக்கொள்ளலாம். பிளேயரில் 78 வேகம் இல்லையென்றால்... அதற்கு ஒரு வழி உண்டு, நேரமில்லை. எல்.பி. பற்றி எழுதி வந்த இரண்டு பக்கத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்றைப் போட்டுக் காட்டுவதாக நிலையத்தாரிடம் சொல்லியிருந்தேன். போன மாதம் வேலியில் ஒரு உடைமுள்ளை ஒடித்து, பெரியப்பாவின் சாவிப் பெட்டியில் செருகி, குழாய்க்கு முன்னால் மைக்கை வைத்துப் பதிவு செய்தேன். முழுப் பாட்டுக்கு நேரமில்லையாம், இருபது விநாடி தருகிறார்கள். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஒரு உரசல் கேட்கும், அதுதான் முள். போடுங்கள் தம்பி. வணக்கம்.