கண்கட்டு வித்தைக்காரரின் பேய்க்கதைகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட ஸ்வீடன் எழுத்தாளர் யோன் அய்விதே லிண்ட்குவிஸ்ட் கதை எழுத வருவதற்கு முன் செய்த தொழில், கண்கட்டு வித்தை. வட ஐரோப்பிய நாடுகளுக்கான சீட்டு வித்தைப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றவர். பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் மேடையில் தனியாக நின்று நகைச்சுவை பேசிப் பிழைத்தார். பயமுறுத்த வந்தவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்பேன். வலக்கையைப் பார்க்க வைத்துவிட்டு இடக்கையால் காரியத்தை முடிக்கத் தெரிந்தவர் அவர்.

முதல் நாவலைச் சில பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 2004இல் அது ஒருவழியாக வெளிவந்தபோது அவருக்கு வயது 35. ‘சரியானவரை உள்ளே விடு’ என்று அதன் தலைப்புக்குப் பொருள் சொல்லலாம். கதை நடப்பது 1981இல், ஸ்டாக்ஹோமின் புறநகரான பிளாக்கெபெர்க்கில். அவர் பிறந்து வளர்ந்த இடமே அதுதான். 1950களில் திட்டம் போட்டுக் கட்டிய குடியிருப்பு. ஒன்பதாயிரம் பேர் இருக்கிறார்கள், ஒரு தேவாலயம்கூட இல்லை என்று நாவலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். பழைய கோட்டை இல்லை, பாழடைந்த கல்லறை இல்லை. பேய் குடியிருக்க ஒரு மூலைகூட இல்லாத ஊரில் இரத்தக்காட்டேரியைக் குடியேற்றுகிறார், அதுவும் பக்கத்து வீட்டில்!

பன்னிரண்டு வயது ஆஸ்கார் பள்ளியில் தினமும் அடி வாங்குகிறவன். இரவில், பனி மூடிய முற்றத்தில், ஏலி வருகிறாள்; பக்கத்து வீட்டு இரத்தக்காட்டேரி அவள்தான். அவளிடம் தன் ரூபிக் கனசதுரத்தைக் கொடுக்கிறான். அவள் அதைச் சரிசெய்து தருகிறாள். நட்பு அங்கே பிறக்கிறது. வாசலில் நிற்கும் இரத்தக்காட்டேரியை வீட்டுக்காரர் ‘உள்ளே வா’ என்று அழைக்க வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. அழைக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஆஸ்கார் சோதித்துப் பார்க்கிறான். அவள் அழைப்பில்லாமலே வாசற்படியைத் தாண்டுகிறாள். அவள் உடலெங்கும் இரத்தம் கசியத் தொடங்குகிறது. பதறிப்போய் அவன் வரச் சொல்கிறான். எனக்கு அந்த இடத்தில் பயம் வரவில்லை. விளையாட்டாக ஒரு சிநேகிதியை வதைத்துவிட்ட சிறுவனின் வெட்கம்தான் வந்தது. நாம் பற்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது வித்தைக்காரர் வேறு சீட்டை நம் பையில் வைத்துவிட்டார்.

2008இல் தாமஸ் ஆல்பிரெட்சன் இதைப் படமாக்கினார், திரைக்கதையும் லிண்ட்குவிஸ்ட்டுடையதே. இரண்டு ஆண்டுகளில் அமெரிக்காவிலும் எடுத்தார்கள். அதைப் பற்றி இங்கே அதிகம் பேச வேண்டியதில்லை.

எனக்கு அதிகம் பிடித்தது 2005இல் வந்த அடுத்த நாவல். அதன் தலைப்பே அரசாங்கக் கோப்பின் மேல் எழுதியது போல இருக்கும்: ‘இறவாதவர்களைக் கையாளுதல்’. ஸ்டாக்ஹோமில் கடும் வெப்பம், ஊருக்கே தலைவலி, மின்சாதனங்களை அணைக்க முடியவில்லை. செத்தவர்கள் எழுந்துகொள்கிறார்கள். யார் கழுத்தையும் கடிக்க அல்ல. வீட்டுக்குத் திரும்ப விரும்புகிறார்கள், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் ஒரு துறை வைத்திருக்கும் நலவாழ்வு அரசுக்கு இவர்களை எந்தத் துறையில் சேர்ப்பது என்று தெரியவில்லை. நடுவில் ஒரு தாத்தா, பேரனைப் புதைத்த இடத்தைத் தன் கையாலேயே தோண்டுகிறார். அந்தப் பக்கங்களை நான் இரண்டாம் முறை படிக்கவில்லை. படிக்க மனம் வரவில்லை.

‘எல்லை’ என்ற சிறுகதையில் தீனா சுங்க அதிகாரி. பயணிகள் ஒளித்து எடுத்துவரும் பொருள் மட்டுமல்ல, அவர்களின் குற்ற உணர்வே அவளுக்குத் தெரிந்துவிடும். அலி அப்பாசி இதைப் படமாக்கியபோது, அவள் மூக்கைச் சுளித்து முகர்வதைக் காட்டுகிறார். 2018இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் அந்தப் படம் பரிசு வென்றது. பயணிகள் அவளைக் கடந்து போகும்போது நிமிர்ந்து பார்ப்பதில்லை, அவள் முகம் அழகில்லை என்பதால். அவள் யார் என்பதைக் கதை பிற்பாடு சொல்கிறது. நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்; வித்தையின் இரகசியத்தை மேடையில் உடைப்பது அந்தத் தொழிலில் வழக்கமில்லை.