எந்தப் பக்க ஜன்னல்?

நேயர்களுக்கு வணக்கம். விமானத்தில் ஜன்னல் சீட் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறோம். எந்தப் பக்கத்து ஜன்னல் என்று யாரும் கேட்பதில்லை. வானத்திலிருந்து வானவில் மாதிரி வண்ண வளையம் பார்க்க ஆசையிருந்தால் அதுதான் முக்கியம். வெயில் அடிக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும். சென்னையிலிருந்து மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ காலையில் போகிறவர்களுக்கு வலப்பக்கம், மாலையில் இடப்பக்கம்.

வானவில் உண்மையில் முழு வட்டம். நம் தலையின் நிழல் விழும் திசைதான் அதற்கு மையம். அங்கிருந்து சுமார் 42 பாகை (டிகிரி) தள்ளி வண்ணம் தெரியும். தரையில் நின்றால் வட்டத்தின் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போய்விடும். சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் மிச்சமும் இல்லை. உச்சிவெயிலில் வானவில் தெரியாதது அதனால்தான்.

மேலே போனால் மண்ணின் தடை கிடையாது. ஆனால் 84 பாகை அகலமுள்ள வட்டம் அந்தக் கையகல ஜன்னலுக்குள் எப்படி அடங்கும்? மழையும் நமக்குக் கீழே பெய்ய வேண்டும், அதன்மேல் வெயிலும் பட வேண்டும். முழு வட்டம் பார்க்கும் யோகம் ஹெலிகாப்டரில் போகிறவர்களுக்குத்தான் அதிகம்.

நமக்கு எளிதில் கிடைப்பது வேறொன்று. கீழே வெண்மேகம் பரந்து கிடக்கும்போது விமானத்தின் நிழலைத் தேடுங்கள். அதைச் சுற்றிச் சின்னதாக ஒரு வண்ண வளையம் இருக்கும். வெளியே சிவப்பு, உள்ளே நீலம், சில சமயம் இரண்டு மூன்று அடுக்கு. இதன் பெயர் 'குளோரி'. பலர் வானவில் என்றே நினைக்கிறார்கள், ஆனால் பிறப்பே வேறு. மழைத்துளி ஒரு மில்லிமீட்டர் என்றால் மேகத்துளி ஏறக்குறைய அதில் நூறில் ஒரு பங்கு. அவ்வளவு சின்னத் துளியில் ஒளியைக் கோடாக வரைந்து கணக்குப் போட முடியாது, அலையாகத்தான் பார்க்க வேண்டும். துளியின் விளிம்பில் பட்டு நுழையும் ஒளி வந்த வழியே திரும்பும்போது, அலைகள் ஓரிடத்தில் கூடி, ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்து வளையங்களாகின்றன. துளி சிறுத்தால் வளையம் பெருக்கும். வளையம் விரிந்து சுருங்கினால், கீழே துளிகளின் அளவு மாறுகிறது என்று சீட்டில் இருந்தபடியே சொல்லிவிடலாம்.

1894 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சி ஆய்வகத்தில் இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் இந்த வளையங்களைப் பார்த்தார். சும்மா இருக்கிற மனுஷர் இல்லை. ஊர் திரும்பி, கண்ணாடிக் கலத்துக்குள் மேகம் உண்டாக்கிப் பார்க்க இறங்கிவிட்டார். அந்த வேலை கடைசியில் அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் முகிலறையில் போய் நின்றது. 1927ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது.

விமானம் உயரத்தில் பறக்கும்போது நிழல் மங்கி மறைந்துவிடும், வளையம் மட்டும் கூடவே வரும். ஏறும்போதும் இறங்கும்போதும் மேகம் கிட்டத்தில் இருப்பதால் இரண்டும் தெளிவாகத் தெரியும். அப்போது ஒரு படம் எடுத்து, அப்புறம் பெரிதாக்கிப் பாருங்கள். எடுத்தவர் உட்கார்ந்திருந்த இடத்தின் நிழல் எதுவோ, வளையத்தின் நடுப்புள்ளி அங்கேதான் விழுந்திருக்கும். வாலருகே விழுந்திருந்தால் அது கடைசி வரிசைக்காரர் எடுத்த படம்.