தப்பித்த புழுவின் முட்டைக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். மருந்து அடித்த தோட்டத்தில் செத்து விழுந்த புழுக்களை எல்லாரும் எண்ணுவார்கள். நான் இன்று பேசப்போவது சாகாமல் தப்பித்தவற்றைப் பற்றி. அவை கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகிப் பறந்து, எத்தனை முட்டை இடும்?

சிங்கப்பூரில் நாம் சாப்பிடுவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. கீரை, முட்டைகோஸ் என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் மலேசியாவும் சீனாவும்தான். ஆகவே மலேசியாவின் கேமரன் மலையில் ஒருவர் மருந்து அடிப்பது தேக்கா சந்தைக்கும் சம்பந்தமுள்ள விஷயம். காய்கறியில் தங்கும் மருந்து எச்சத்துக்கு வரம்பு உண்டு, சிங்கப்பூர் உணவு அமைப்பு சோதிக்கிறது. அது வேறு பேச்சு.

எந்தத் தெளிப்பானும் எல்லா இலையையும் ஒரே மாதிரி நனைப்பதில்லை. மேல்பக்கம் சொட்டச் சொட்ட நனையும், அடிப்பக்கத்தில் பாதிகூடப் படாது. மக்காச்சோளக் குருத்துக்குள் பதுங்கியிருக்கும் படைப்புழுவை மருந்து எட்டுவதே சிரமம். அப்புறம் வெயிலும் மழையும் சேர்ந்து, இருக்கிற மருந்தையும் நாளுக்கு நாள் குறைத்துவிடும். ஆக, ஒரே பாத்தியில் ஒரு புழுவுக்குக் கிடைப்பது கொல்லும் அளவு, பக்கத்து இலைப் புழுவுக்குக் கிடைப்பது அரைகுறை அளவு.

இந்த அரைகுறை அளவை ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே கொடுத்துப் பார்ப்பார்கள். நூற்றுக்குப் பத்து அல்லது முப்பது புழுக்கள் மட்டும் சாகிற மாதிரி கரைசல் தயார் செய்து, இலைத் துண்டை அதில் முக்கி, உலர்த்தி, புழுவுக்குத் தின்னக் கொடுப்பார்கள். பிழைத்தவை கூட்டுப்புழுவானதும் எடை போடுவார்கள். அந்துப்பூச்சி வெளியே வந்ததும் ஓர் ஆண், ஒரு பெண் என்று ஜாடியில் விட்டு, தேன் கலந்த தண்ணீரில் நனைத்த பஞ்சை உணவாக வைத்து, தினமும் முட்டையை எண்ணுவார்கள். கடைசியில் பெண் பூச்சியின் வயிற்றைத் திறந்து பார்ப்பதும் உண்டு. ஒரு சூலகத்துக்கு நான்கு குழாய் வீதம் இரண்டு பக்கமும் சேர்த்து எட்டுக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் முட்டைகள் பாசிமணி கோத்ததுபோல் வரிசையாக, நுனியில் பொடிசாக ஆரம்பித்து வாய்ப்பக்கம் வரவரப் பெரிதாக இருக்கும். பக்கத்தில் ஒரு பை. ஆண் ஒவ்வொரு தடவை சேரும்போதும் ஒரு விந்துப் பொதியை அதில் விட்டுச் செல்லும். அதன் மிச்சம் பையிலேயே கிடக்கும் என்பதால், எத்தனை தடவை சேர்ந்தது என்பதையும் எண்ணிவிடலாம்.

சரி, என்ன தெரிகிறது? பல சோதனைகளில் முட்டை குறைகிறது. குளோரன்ட்ரானிலிப்ரோல் புழுவின் தசையைச் செயலிழக்கச் செய்யும் மருந்து. கொஞ்சமாகப் பட்டாலும் புழு சரியாகத் தின்னாது. தின்னாத புழு சின்னக் கூட்டுப்புழுவாகும், சின்னப் பூச்சி கொஞ்சமாக முட்டையிடும். மருந்தை முறிக்கும் நொதிகளைத் தயாரிக்கவும் உடம்பு செலவழிக்கிறது, அந்தச் செலவு முட்டைக்கான சேமிப்பிலிருந்துதான் போகிறது. லுஃபெனுரான் போன்ற மருந்துகளின் வேலை இன்னும் விசித்திரம். முட்டை வரும், பொரிக்காது.

ஆனால் எப்போதும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. சில மருந்து, சில பூச்சி, ஒரு குறிப்பிட்ட குறைந்த அளவு என்று சேரும்போது முட்டை கூடிவிடுகிறது. நிறையக் கொடுத்தால் கொல்லும் பொருள் கொஞ்சமாகக் கொடுத்தால் தூண்டிவிடுவதை ஹார்மெசிஸ் என்கிறார்கள். நெல்லில் சாறு உறிஞ்சும் புகையான் என்ற பூச்சி அந்துப்பூச்சி இல்லை என்றாலும் இதற்குப் பேர்போன உதாரணம் அதுதான். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், டெல்டாமெத்ரின் போன்ற மருந்து தெளித்தபின் புகையான் கூடுதலாக முட்டையிட்டதையும் மறுபடி பெருகியதையும் 1980 வாக்கிலேயே கண்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆண் பூச்சிகளை வைத்து நடந்த சோதனை. பெண் அந்துப்பூச்சி இரவில் ஒரு வாசனையை விடும், ஆண் அதைப் பிடித்துக்கொண்டு வந்து சேரும். பிரான்ஸில் கருப்பு வெட்டுப்புழுவின் ஆண் பூச்சிகளுக்கு குளோதியானிடின் மருந்தை மிகச் சிறிய அளவுகளில் கொடுத்தார்கள். முடிவு 2014இல் வெளியானது. மிகவும் குறைந்த ஓர் அளவில் ஆண்கள் வாசனைக்கு மந்தமாகிவிட்டன. அதைவிடக் கூடுதலான ஓர் அளவில் வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாகத் தேடிவந்தன! மருந்துக்கு ஏற்ற மாதிரி விளைவும் நேர்கோட்டில் ஏறும் இறங்கும் என்ற நம் கணக்கு இங்கே பலிக்கவில்லை.

அதனால், ‘முட்டை குறைகிறதே, பாதி மருந்தே போதும்’ என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அரைகுறை மருந்தைத் தாங்கிப் பிழைத்தது தன் தாங்கும் சக்தியையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது. முட்டைகோஸைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சி நம் மாதிரி வெக்கையான ஊரில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தலைமுறை காண்கிறது. டி.டி.டி. என்ற பழைய பூச்சிமருந்துக்கு அது அசைந்துகொடுக்காததை 1950களிலேயே ஜாவாவில் பார்த்துவிட்டார்கள். அதே அரைகுறை மருந்து, புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் குட்டிக் குளவிகளையும் தீர்த்துவிடக்கூடும், அப்போது நட்டம் இரட்டிப்பு.

புளோக்குக் கீழே சமூகத் தோட்டம் போடுபவர்களுக்கு ஒன்று. புரோடீனியா அந்துப்பூச்சி இலையின் அடியில் நூற்றுக்கணக்கான முட்டைகளைக் குவியலாக இட்டு, பழுப்பு ரோமத்தால் மூடிவைக்கும். இலையைத் திருப்பிப் பார்த்து, அப்படியே கிள்ளி எடுத்துவிடுங்கள். புழுவைக் கொல்லும் ஒரு பாக்டீரியாவிலிருந்து தயாராகும் பி.டி. கிருமி மருந்து என்றால் சாயங்காலம் அடியுங்கள், வெயில் அதைக் கெடுத்துவிடும். அதையும் குட்டிப் புழுவாக இருக்கும்போதே, பாட்டிலில் போட்டிருக்கும் அளவில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும். புழு பெருத்துவிட்டால் அதே மருந்து அதற்கு அரை வயிற்றுக்குக்கூடக் காணாது. அப்போது கையுறை போட்டுக்கொண்டு பொறுக்கிப் போடுவதே மேல்.