சீரியல் வில்லன் பேச்சும் நம்ம மன்றத்து அலமாரியும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, குன்னூர்ல இருந்து இந்த மழையிலயும் வந்திருக்கிற கவுன்சிலர் அம்மா அவர்களே, மைக் செட்டுக்கு காசு வேணாம்னு சொன்ன மளிகைக்கடை அண்ணாச்சி அவர்களே, கொழுந்து போட்டுட்டு நேரா இங்க வந்த அக்காமாரே, பேரு விட்டுப்போன பெரியவங்களே, வணக்கம்.

சீரியல்ல வர்ற புரியாத பேச்சைப் பத்தி பேசச் சொன்னாங்க. வட்டார வழக்கு, உறவுமுறை, டப்பிங் சீரியல்னு மூணா பிரிச்சு வெச்சிருக்கேன். எங்கம்மா சொல்லும், சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்னு, அத மனசுல வெச்சுக்கோங்க.

நம்ம மலையிலயே படுகர் பேசுற படுகு இருக்கு, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து வந்தவங்க பேச்சு இருக்கு, மேட்டுப்பாளையம் ஏறி வந்த கொங்குப் பேச்சு இருக்கு. ராத்திரி டிவிய போட்டா நெல்லை வில்லன் மீசைய முறுக்கிட்டு "அவன் சோலிய முடிச்சிர்றேன்"ங்கிறான்.

எங்க எஸ்டேட் லைன் வீட்டுல ஒரு அக்கா, தெக்க சோலின்னா வேலைன்னு கேட்டு தெரிஞ்சுக்கிட்டாங்க, அது சரிதான், ஆனா சோலிய முடிக்கிறதுன்னா ஆளையே தீத்துக்கட்டுறதுன்னு யாரும் சொல்லல. மறுநாள் எடை போடுற இடத்துல சூப்பர்வைசர் "கீழ்க்காடு இன்னும் பாக்கி கெடக்கே"ன்னாரு. அக்கா கொழுந்து வெட்டுற கத்திரியும் கையுமா, ரொம்ப மரியாதையா, "கவலப்படாதீங்க சார், உங்க சோலிய முடிச்சுட்டுத்தான் இன்னிக்கு வீட்டுக்கே போவேன்"னாங்க. அவரு சாத்தான்குளத்துக்காரரு! (சிரிப்பு) தராச அப்படியே போட்டுட்டு ஆபீஸ் ரூமுக்குள்ள போய் தாப்பாள் போட்டுக்கிட்டாரு, பாவம்னு அக்கா டீ கொண்டுபோய் கதவ தட்டுறாங்க, உள்ள இருந்து "காடு அப்படியே கெடக்கட்டும்மா, நீ வீட்டுக்குப் போ"ன்னு குரல் மட்டும் வருது.

உறவுமுறையும் இப்படித்தான், நமக்கு அண்ணின்னா நெல்லைக் கதையில மதினி, ஐயர் வீட்டுக் கதையில மன்னி, கொங்குக் கதையில ஒறம்பரை வந்தாச்சுன்னா சொந்தக்காரங்க வந்தாச்சு. எங்க பாக்கறது? செல்லுல சோலின்னு தேடினா ரவிக்கை படம் வருது.

அதுக்குத்தான் கேக்குறேன். க்ரியா பதிப்பகத்தோட தற்காலத் தமிழ் அகராதி 1992லயே வந்துருச்சு, எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1982ல கரிசல் வழக்குக்கே தனியா அகராதி போட்டாரு, எழுத்தாளர் பெருமாள்முருகன் கொங்குச் சொல்லுக்கு போட்டிருக்காரு. நம்ம மன்றத்து அலமாரியில பழைய பஞ்சாங்கமும் கேரம் காயும்தான் இருக்கு, சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்! இந்த மூணையும் வாங்குவோம், படுகுக்கு பெரியவங்ககிட்ட கேட்டு நாமளே ஒரு நோட்டு போடுவோம். கவுன்சிலர் அம்மா தலையாட்டிட்டாங்க, எல்லாரும் பாத்துக்கோங்க.

டப்பிங் சீரியலுக்கு நேரமில்ல, தலைவர் வாட்ச்ச பாக்குறாரு. பொருளாளர் ரசீது புக்கோட வாசல்ல உக்காந்திருக்காரு, வீட்டுல பழைய அகராதி இருந்தா அதையும் வாங்கிக்குவாரு, அட்டை கிழிஞ்சிருந்தாலும் சரி.