நாளை என்பது யாருடைய நாளை?

(ஆங்கில ஆசிரியர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே,

ஒரு மாணவன் எழுதிய கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். வகுப்பாசிரியரைப் பார்க்க மறுநாள் வருவதாக அவனுடைய அப்பா அவனிடம் சொல்லியிருக்கிறார். அதை அவன் ஆங்கிலத்தில் இப்படி எழுதினான்: "மை ஃபாதர் டோல்ட் மீ தட் ஐ வில் கம் டுமாரோ." எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் இதைப் படிக்கும் ஆங்கிலேயருக்கு வேறு செய்தி போய்ச் சேரும். நாளை வரப்போகிறவன் மகன். அதைச் சொன்னவர் அப்பா. அப்பாவின் வருகையே வாக்கியத்திலிருந்து மறைந்துவிட்டது.

இப்படிப்பட்ட வாக்கியங்களைப் பல ஆண்டுகள் சிவப்பு மையால் அடித்தவன் நான். 'ஐ' வந்தால் 'ஹி', 'வில்' வந்தால் 'வுட்', 'டுமாரோ' வந்தால் 'தி நெக்ஸ்ட் டே' என்று, நேர்கூற்றை அயற்கூற்றாக (ஒருவர் சொன்னதை நாம் எடுத்துச் சொல்லும் வாக்கியமாக) மாற்றும் பட்டியலை ஒப்பிக்கவும் வைத்திருக்கிறேன். அது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்த அநீதி என்று இன்று உறுதியாக நினைக்கிறேன். ஏனென்றால் அந்த மாணவன் கவனக்குறைவால் அப்படி எழுதவில்லை. தன் தாய்மொழி இலக்கணத்தை அட்சரம் பிசகாமல் பின்பற்றியிருந்தான்.

"நான் நாளை வருகிறேன் என்று அப்பா சொன்னார்." இந்தத் தமிழ் வாக்கியத்தில் 'நான்' அப்பா. 'நாளை' அப்பா பேசிய நாளுக்கு மறுநாள். 'என்று' என்னும் சிறு சொல் பேச்சை அப்படியே ஏந்திக்கொண்டு வருகிறது; பேசியவரின் இடம், காலம், குரல் எதையும் கலைப்பதில்லை. ஆங்கிலத்தின் 'தட்' அப்படிப்பட்டதல்ல. அதைத் தாண்டி உள்ளே வரும் ஒவ்வொரு சொல்லும், சொன்னவரை விட்டுவிட்டு, எடுத்துச் சொல்பவரின் பக்கம் வந்து நின்றாக வேண்டும். 'நான்' என்றால் இப்போது எழுதுகிறவன். 'நாளை' என்றால் இந்தக் கடிதத்தின் நாளை. 'தட்' என்பதை 'என்று' என மொழிபெயர்த்துக் கற்பிக்கிறோமே, பெரும்பாலான பிழைகள் அங்கேதான் பிறக்கின்றன.

ஆகவே பட்டியலுக்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன்: சொல்கிறவர் எங்கே, எப்போது நின்று சொல்கிறார்? இன்று காலை நண்பர் "நாளை வருகிறேன்" என்கிறார். அதை இன்று மாலையே எடுத்துச் சொன்னால் 'டுமாரோ' மாறத் தேவையில்லை. அதே நாளைதான். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் அது 'தி நெக்ஸ்ட் டே' ஆகிவிடும். இதைப் பட்டியல் சொல்லித் தராது. 'ஹியர்' எப்போதும் 'தேர்' ஆகும் என்பதும் இப்படித்தான்: அதே அறையில் நின்று சொன்னால் ஏன் ஆக வேண்டும்?

இது நமக்குப் புதிய சிந்தனையும் அல்ல. வருதல், தருதல் ஆகிய சொற்கள் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை என்றும், செல்லுதல், கொடுத்தல் ஆகியவை படர்க்கைக்கு உரியவை என்றும் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் பிரித்துவைத்திருக்கிறது. ஒரே நடை, நானோ நீயோ இருக்கும் பக்கம் என்றால் வருதல், வேறு பக்கம் என்றால் செல்லுதல். அயற்கூற்றில் 'கம்' சில இடங்களில் 'கோ' ஆவதற்கும் காரணம் இதுதான். நம் மாணவர்களுக்கு அதை விளக்க இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

இப்போது காலத்துக்கு வருகிறேன். இங்கேதான் விஷயம் ஆழமாகிறது. 'ஷி செட் தட் ஷி வாஸ் இல்' என்றும் சொல்லலாம், 'ஷி செட் தட் ஷி இஸ் இல்' என்றும் சொல்லலாம். இரண்டும் இலக்கணப்படி சரி. முதலாவதில், அவள் சொன்னதைச் சொல்வதோடு என் வேலை முடிந்தது. இப்போது எப்படி இருக்கிறாள் என்பதற்கு நான் பொறுப்பல்ல. இரண்டாவதில், அவளுடைய நோய் இந்த நிமிடத்திலும் நீடிக்கிறது என்பதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். உலகம் சூரியனைச் சுற்றுகிறது என்று ஆசிரியர் சொன்னதாக எழுதும்போது நிகழ்காலத்தை விட்டுவைக்கலாம் என்ற விதியை 'பொது உண்மைகளுக்கான விதிவிலக்கு' என்று தனியாக மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அது விதிவிலக்கே அல்ல. எடுத்துச் சொல்பவரும் அதை நம்புகிறார், அவ்வளவுதான். 'செட்' என்ற இடத்தில் 'கிளெய்ம்ட்' என்று போட்டால் ஐயம் நுழைகிறது, 'அட்மிட்டட்' என்று போட்டால் குற்றம் நுழைகிறது என்பதும் இதே கணக்கில் சேரும்.

ஆங்கிலம் தடுமாறும் இடமும் உண்டு. "தான் தோற்றுவிட்டதாக அண்ணன் தம்பியிடம் சொன்னான்" என்றால் நமக்குக் குழப்பமில்லை, தோற்றவன் அண்ணன். 'ஹி டோல்ட் ஹிஸ் பிரதர் தட் ஹி ஹாட் லாஸ்ட்' என்னும்போது தோற்றது யார்? அந்த இரண்டாவது 'ஹி' யாரையும் சுட்டலாம். 'தான்' செய்யும் வேலையைச் செய்ய அங்கே ஒரு சொல் இல்லை.

இனி கதைக்கு வருவோம். இதுவரை நேர்கூற்று, அயற்கூற்று என இரண்டைத்தான் பேசினோம். ஆங்கில நாவலில் மூன்றாவது ஒன்று உண்டு. ஜேன் ஆஸ்டின் அதைத் தேர்ந்த கையோடு பயன்படுத்தியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இலக்கண அறிஞர்கள் அதற்குப் பெயர் வைத்தது வெகு காலம் கழித்துத்தான். பிரெஞ்சு மொழியை ஆராய்ந்த சார்ல் பாலி 1912-இல் 'கட்டற்ற அயற்கூற்று நடை' என்று பொருள்படும் பெயரை இட்டார். டேனிஷ் அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1924-இல் வேறொரு பெயரைச் சொன்னார். நிலைத்தது பாலியின் பெயர்.

அந்த நடைக்கு ஒரு எடுத்துக்காட்டு. ஒரு பெண் இரவில் பெட்டியை அடுக்குகிறாள். கதைசொல்லி எழுதுகிறார்: 'ஹெர் டிரெயின் வாஸ் டுமாரோ.' இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 'வாஸ்' இறந்தகாலம், 'டுமாரோ' வரப்போகும் நாள். 'அவள் நினைத்தாள்' என்ற முன்னுரை இல்லை, மேற்கோள் குறி இல்லை. பட்டியலை வைத்துத் திருத்துகிற ஆசிரியர் இதைப் பிழை என்று அடித்துவிடுவார். ஆனால் இதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். 'ஹெர்', 'வாஸ்' இரண்டும் கதைசொல்லி நின்ற இடத்திலிருந்து வந்தவை. 'டுமாரோ' மட்டும் அவள் நெஞ்சிலிருந்து வந்தது. அந்த ஒரு சொல்லுக்காகக் கதைசொல்லி விலகி, அவளைப் பேச விட்டிருக்கிறார்.

இதை வகுப்பில் தமிழாக்கச் சொல்லிப் பாருங்கள். 'அவளுடைய ரயில் நாளை இருந்தது' என்று எழுதுவார்கள். எழுதிய கையோடு அது தமிழ் இல்லை என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். சற்று நேரம் விட்டுவைத்தால் யாராவது ஒரு பிள்ளை வினைச்சொல்லையே எடுத்துவிட்டு எழுதும்: "பெட்டியை மூடினாள். நாளைக்கு ரயில்."