பி53 ஆன்டிபாடி: 50 கிட்ட நிக்கற பேண்ட் யாரோடது?

அடுத்த கேள்வி. புதுசா படிக்கறவங்களுக்கு ஒரு வரி: பி53 புற்று வராம காக்கற ஒரு புரதம். வெஸ்டர்ன் பிளாட்னா, புரதங்களை ஜெல்லுல எடைப்படி பிரிச்சு, மெம்பரேன்ங்கற தாளுக்கு மாத்தி, வேண்டிய புரதத்தை ஆன்டிபாடி போட்டுத் தேடறது. ஒவ்வொரு சாம்பிளும் ஓடற வரிசை லேன், அதுல தெரியற கோடு பேண்ட். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் பண்ற ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "பி53 பார்க்க டிஓ-1 ஆன்டிபாடி வாங்கி வெஸ்டர்ன் பிளாட் போட்டேன் சார். ஹீலா செல்லுல ஒண்ணுமே தெரியல. மௌஸ் லிவர்ல மட்டும் 50 கிலோடால்டன் (புரத எடை அளவு) கிட்ட பளிச்சுன்னு ஒரு பேண்ட் வருது. ஆனா சீக்வென்ஸ் போட்டுப் பார்த்தா எடை 43.7-ன்னு காட்டுது. ஆன்டிபாடி கெட்டுப்போச்சா? புதுசு வாங்கணுமா?"

வாங்காதீங்கம்மா. காசு மிச்சம். அந்த ஆன்டிபாடி ஒழுங்காத்தான் வேலை செய்யுதுன்னு எனக்குத் தோணுது.

எடை விஷயத்தை மொதல்ல முடிச்சிடலாம். மனுஷ பி53-ல 393 அமினோ அமிலம். கூட்டினா 43.7 கிலோடால்டன்தான், உங்க கணக்கு சரி. ஆனா அதுல ப்ரோலின் நெறைய இருக்கற ஒரு பகுதி இருக்கு. அதனால ஜெல்லுல கொஞ்சம் மெதுவா இறங்கி, 53 கிட்ட நின்னுடும். 1979-ல இதை மொதமொதல்ல பார்த்தவங்க ஜெல்லுல அது நின்ன இடத்தைத்தான் பார்த்தாங்க. அந்த 53-தான் இன்னிக்கும் பேரா நிக்குது. பேரே ஒரு தப்புக் கணக்குன்னு வச்சுக்கோங்களேன்.

அடுத்து ஹீலா. அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுல இருந்து 1951-ல எடுத்த செல். உள்ள ஹெச்பிவி 18 வைரஸோட ஜீன் உட்கார்ந்திருக்கு. அது செய்யற ஈ6-ங்கற புரதம், பி53 உருவாக உருவாகப் பிடிச்சு செல்லோட குப்பை மெஷினுக்கு அனுப்பிட்டே இருக்கும். அப்ப அந்த லேன் காலியா, இல்ல ரொம்ப மங்கலா இருந்தா அதுதான் நியாயம். நீங்க பாசிட்டிவ் கன்ட்ரோல்னு, அதாவது பி53 கட்டாயம் தெரியும்னு நெனைச்சு எடுத்த செல்லுதான் தப்பு.

இப்ப மௌஸ் லிவர். இங்கதான் எல்லாரும் மாட்டறாங்க, நானும் மாட்டியிருக்கேன். டிஓ-1 பிடிக்கிற இடம் மனுஷ பி53-ல 20-ல இருந்து 25 வரைக்கும் உள்ள அமினோ அமிலங்கள். மௌஸ் பி53-ல அந்தத் துண்டு அப்படியே இல்ல. அதனால டிஓ-1 அதைப் பிடிக்காது. அப்ப அந்தப் பளிச் பேண்ட் என்ன?

யோசிச்சுப் பாருங்க. டிஓ-1, அதாவது நீங்க மொதல்ல போடற பிரைமரி, மௌஸ்ல செஞ்ச ஆன்டிபாடி. அதைப் பிடிக்க நீங்க அடுத்து போடற செகண்டரி ஆன்டிபாடி, ஆன்டி-மௌஸ், அதாவது மௌஸ் ஆன்டிபாடியைப் பிடிக்கறது. லிவர்ல ரத்தம் இருக்கு, ரத்தத்துல அந்த மௌஸோட சொந்த ஆன்டிபாடியே இருக்கு. சாம்பிள் பஃபர்ல மெர்காப்டோஎத்தனால் போட்டுக் கொதிக்க வச்சதும் அது ரெண்டா பிரியும்: ஹெவி செயின் 50 கிட்ட, லைட் செயின் 25 கிட்ட. செகண்டரிக்கு எது டிஓ-1, எது மௌஸோட ரத்தத்துல வந்ததுன்னு தெரியுமா? ரெண்டையும் பிடிக்கும். பாவம், ஹெவி செயின் வந்து நிக்கறதும் பி53 நிக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்துலயே.

நான் மூணு வாரம் அந்தப் பேண்டை அளந்து, கிராஃப் போட்டு, பவர்பாயிண்ட் வரைக்கும் போயிட்டேன். கைடு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பிரைமரி இல்லாம ஒண்ணு ஓட்டினியா?" அன்னிக்கு சாயங்காலமே மெம்பரேன்ல ஒரு துண்டை வெட்டி, வெறும் செகண்டரி மட்டும் போட்டேன். அதே பேண்ட், அதே பளிச். கேன்டீன்ல டீ கூட இறங்கல.

மௌஸ் பி53-தான் பார்க்கணும்னா முயல்ல செஞ்ச சிஎம்5 மாதிரி ஆன்டிபாடி எடுங்க, செகண்டரி ஆன்டி-ராபிட். அப்ப இந்தக் குழப்பமே வராது. ஆனா லிவர் எடுக்கறதுக்கு முன்னாடி ரத்தத்தை நல்லா கழுவி விடுங்க, எப்படியும் நல்லது.

டிஓ-1-ஐ சோதிக்க மனுஷ செல்லுலயே மூணு லேன் போதும். ஹெச்1299-ங்கற நுரையீரல் புற்று செல், இதுல பி53 கிடையவே கிடையாது. எம்சிஎஃப்-7-ங்கற மார்பகப் புற்று செல், சும்மா வளர்த்தது. அதே எம்சிஎஃப்-7, ராத்திரி முழுக்க டிஎன்ஏவை அடிக்கற டாக்ஸோரூபிசின் மருந்து குடுத்தது. சாதாரண செல்லுல எம்டிஎம்2-ங்கற புரதம் பி53-ஐ நிமிஷக் கணக்குல தீர்த்துக் கட்டிடும். டிஎன்ஏ அடிபட்டாத்தான் அது தேங்கும். அதனால ரெண்டாவது லேனை விட மூணாவது நல்லா தடிமனா வரணும். ஹெச்1299-லயும் 53-ல ஏதாவது வந்தா, அது பி53 இல்ல, வேற எதையோ பார்க்கறீங்க.

இன்னொண்ணு. பேண்ட் தடிமனா இருக்குன்னு பி53 வேலை செய்யுதுன்னு எழுதிடாதீங்க. ஏ431-ங்கற புற்று செல்லுல அது குவிஞ்சு கிடக்கும், ஆனா 273-வது இடத்துல ஆர்ஜினின் போய் ஹிஸ்டிடின் வந்திருக்கு. அதால டிஎன்ஏவை ஒழுங்கா பிடிக்க முடியாது, ஜீனை ஆன் பண்ணவும் முடியாது. வேலை நடக்குதான்னு பார்க்க, பி53 ஆன் பண்ற பி21-ங்கற புரதத்துக்கும் சேர்த்து ஒரு ஆன்டிபாடி போடுங்க.

மொதல்ல அந்த லிவர் மெம்பரேனை எடுத்து வச்சு 25 கிட்ட ஒண்ணு, அந்த லைட் செயின், நிக்குதான்னு பாருங்க. கீழ வரைக்கும் வெட்டி எறியாம வச்சிருந்தீங்கன்னா இருக்கும்.