துண்டுச் சீட்டு வருவதற்குள்

(பெங்களூர் அல்சூரில், பேச்சுப் பயிற்சிக்கு வந்த இளைஞர்களிடையே பேசியது)

வணக்கம். அவைத்தலைவர் தொடங்கி மைக் செட்காரர் வரை பெயர் சொல்லி வணங்க எனக்கும் ஆசைதான். கொடுத்த நேரம் அதிலேயே போய்விடும் என்பதால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வணக்கம்.

இதே ஊரில் ஒரு பொங்கல் விழாவில்தான் முதன்முதலில் மேடை ஏறினேன். ஆறு பக்கம் எழுதி, எழுத்து விடாமல் மனப்பாடம். எதிரே பார்த்தால் முன்வரிசை முழுக்கக் குழந்தைகள், பின்னால் பாட்டிமார்கள். பந்தியிலிருந்து சாம்பார் வாசனை வேறு. நானோ இன்னும் சங்க காலத்தைத் தாண்டவில்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு சொல் மறந்தது. அதைப் பிடிக்க மறுபடி முதலிலிருந்து ஓடினேன்: “அவைத்தலைவர் அவர்களே...” நன்றியுரைக்கு வந்துவிட்டேன் என்று நினைத்து எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். ‘முடிக்கவும்’ என்ற துண்டுச் சீட்டும் கைக்கு வந்துவிட்டது.

பயத்தில் மறந்துவிட்டது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், எதிரே இருப்பவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளாமல் போனதுதான் தப்பு. யாரெல்லாம் வருவார்கள் என்று விழாக்காரர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வள்ளுவர் அவையறிதலை 72-ஆம் அதிகாரமாக வைத்து, அதன் பிறகுதான் அவையஞ்சாமைக்கு வருகிறார். (இங்கே அல்சூர் ஏரிக்கரையில் சிலையாக இருக்கிறாரே வள்ளுவர், அவரே 1991 முதல் 2009 வரை மூடிய சிலையாகக் காத்திருந்துதான் இந்த ஊர் அவையைப் பார்த்தார்!)

நம் அவையில் கோலார் தங்கவயல் சுரங்கத்தை 2001-ல் மூடியதைக் கண்ட பெரியவர் இருப்பார். பக்கத்திலேயே, தமிழ்ப் பேச்சைக் கன்னட எழுத்தில் எழுதி வைத்திருக்கும் பேத்தி. அதில் தப்பே இல்லை. நான் கேட்ட நல்ல பேச்சுகளில் சில அப்படி எழுதியவைதான். இருவருக்கும் புரிகிற ஓர் உதாரணத்தைத் தேடுங்கள். தயாரிப்பில் பாதி நேரம் அதற்கே போகட்டும்.

அப்புறம் நின்றுகொண்டு, வாய்விட்டு, கைப்பேசியில் பதிவு செய்து பேசிப் பாருங்கள். கண்ணால் படிக்கும்போது எந்த வாக்கியமும் நீளமாகத் தெரியாது. மூச்சு வாங்கிய இடத்தில் வெட்டிவிடுங்கள். முதல் இரண்டு வரி மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும், கால் நடுங்குவது அப்போதுதான். மீதிக்கு உள்ளங்கை அளவுத் தாளில் நாலைந்து சொற்கள். மைக்கைத் தட்டாதீர்கள், ஊதாதீர்கள்.

சரி, மூன்றாம் வரிசையில் கண்ணாடி போட்ட தம்பி, வாங்க. மூன்று நிமிடம். அந்த நாலு பக்கத்தையும் நாற்காலியிலேயே வைத்துவிட்டு வாங்க.